களிம்பு போதாது, டாக்டர்!

ஆசிரியருக்கு வணக்கம்.

மதுரையில் எச்ஐவி தடுப்புத் திட்டத்தில் களப்பணியாளராக இருக்கிறேன். பாலியல் தொழில் என்றாலே பெண்கள்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆண்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். என்னிடம் ஆணுறை வாங்குகிற அந்தப் பையன்கள் பகலில் பரோட்டா மாஸ்டர், லோடுமேன். சிலருக்கு மனைவி, பிள்ளைகளும் உண்டு.

ஆசனவாயில் புண்ணோடு தவித்த ஒருவரை அண்மையில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். டாக்டர் பரிசோதிக்கவே இல்லை. "ஆம்பளைக்கு இந்தப் பொழப்பு எதுக்குப்பா?" என்று வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படி கேட்டுவிட்டு, மூலத்துக்குப் போடும் களிம்பை எழுதிக் கொடுத்தார். அப்புறம் வேறு இடத்தில் ரத்தம் கொடுத்துப் பார்த்தால் சிபிலிஸ் என்ற பால்வினை நோய். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் ஒரு பென்சிலின் ஊசியில் தீர்ந்துவிடும். விட்டால், அந்தப் புண் வழியாக எச்ஐவி தொற்றுவதும் எளிது. வீட்டில் மனைவிக்கும் ஆபத்து. அவரோ இனி எந்த ஆஸ்பத்திரிப் படியும் ஏறமாட்டேன் என்கிறார்.

போலீஸ் தொல்லை தனி. ஆணுறையைக் குற்றத்துக்குச் சாட்சியாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதமே சொல்லிவிட்டது. ஆனாலும் சட்டைப்பையில் நாலு பாக்கெட் இருந்தால் ஸ்டேஷனுக்கு வா என்கிறார்கள். அதனால் பையன்கள் ஒன்றுக்கு மேல் வாங்கப் பயப்படுகிறார்கள். (இலவசமாகக் கொடுப்பதும் அரசாங்கம்தான்!)

அரசின் எச்ஐவி ஆலோசனை, பரிசோதனை மையமான நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம்; தொற்று இருந்தால் ஏஆர்டி மையத்தில் எச்ஐவிக்கான கூட்டு மருந்தும் இலவசம். ரகசியம் காக்க 2017ஆம் ஆண்டு எச்ஐவி, எய்ட்ஸ் சட்டமும் இருக்கிறது. புறநோயாளிப் பிரிவில் மறைப்புக்கு ஒரு திரையும், தனியே பேச ஐந்து நிமிடமும் கிடைத்தால் மீதியை நாங்கள் பார்த்துக்கொள்வோம். தயங்குகிறவர்கள் தேசிய எய்ட்ஸ் உதவி எண்ணான 1097க்குப் போன் செய்து பேசலாம்.

– ஒரு களப்பணியாளர், மதுரை
(பெயர் வெளியிட வேண்டாம்)