மோட்டாரைக் கழற்றுமுன் வயரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேடு ஏறி வந்ததும் மோட்டாரின் மேல் கை வைக்க முடியவில்லை என்று பழைய மின்சார கோல்ஃப் வண்டி வைத்திருப்பவர் சொன்னால், பழுது பார்ப்பவர்களில் பலர் மறுபேச்சின்றி மோட்டாரை மாற்றச் சொல்லிவிடுகிறார்கள். நானும் அப்படி ஒரு மோட்டாருக்குப் பணம் கொடுத்தவன். புதியதைப் பொருத்திய மூன்றாம் வாரத்தில் அதே கருகல் வாடை திரும்பி வந்த பிறகுதான், கோளாறு வேறெங்கோ இருக்கலாம் என்று எனக்கு உறைத்தது.

என்னுடையது 36 வோல்ட் வண்டி. 6 வோல்ட் ஈய அமில பேட்டரிகள் ஆறு, அவற்றை வரிசையாக இணைக்கும் துண்டு கேபிள்கள் ஐந்து, மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் சொலினாய்டு, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், முன்னும் பின்னும் ஓட்டுவதற்கான சுவிட்ச், சுழலும் பகுதிக்கு உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் உள்ள சீரிஸ் மோட்டார் (சுருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்த மோட்டார்) ஆகியவை அதில் உள்ளன. ஒவ்வொரு கேபிளுக்கும் இரண்டு முனை என்று எண்ணிப் பார்த்தால், இருபதுக்கும் மேற்பட்ட இணைப்புகளைக் கடந்துதான் மின்னோட்டம் மோட்டார் வழியாகச் சுற்றி வருகிறது. சமதரையில் அது 50, 60 ஆம்பியராக இருக்கலாம்; ஆட்களை ஏற்றிக்கொண்டு மேட்டில் கிளம்பும்போது 200ஐயும் தாண்டும். மின்னோட்டம் இரு மடங்கானால் இணைப்பில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதால், சமதரையில் சாதுவாக இருக்கும் ஒரு தளர்ந்த நட்டு, மேட்டில்தான் தன் குணத்தைக் காட்டும்.

என் வண்டியில் கோளாறு, மோட்டாரில் 'ஏ-2' என்று குறியிட்ட போல்ட்டில் இருந்தது. லக்குக்கு (வயரின் முனையில் பொருத்திய உலோக வளையத்துக்கு) மேலே வரவேண்டிய வாஷர் அதன் அடியில் கிடந்தது. பழைய மோட்டாரிலிருந்து கழற்றிய அதே வாஷரை அதே தப்பான வரிசையில் புதியதிலும் போட்டு முடுக்கியிருந்தார்கள். ஆக, மின்சாரம் லக்கிலிருந்து போல்ட்டின் அடிப்பகுதிக்கு நேராகப் போகாமல், துருப்பிடித்த ஓர் இரும்பு வளையத்தின் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. லக்கை ஒட்டிய இடத்தில் வயரின் கறுப்பு உறை ஒரு விரல் நீளத்துக்குப் பழுப்பேறியிருந்தது. நகத்தால் அழுத்தியதும் பொரிந்து உதிர்ந்தது.

அதைச் சரிசெய்யுமுன் அளந்து பார்த்தேன். மல்டிமீட்டரின் ஒரு முனையை போல்ட்டின் நுனியிலும் மறுமுனையை லக்கின் குழாய்ப் பகுதியிலும் கவ்வவிட்டு, நீளமான வயரால் மீட்டரை இருக்கைக்குக் கொண்டுவந்து, மேடு ஏறும்போது பக்கத்தில் இருந்தவரைப் படிக்கச் சொன்னேன். அந்த ஓர் இணைப்பில் மட்டும் 0.6 வோல்ட் இழப்பு என்று காட்டியது. அதே நேரத்தில், வயரைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 150 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 90 வாட். வீட்டில் சில்லறை வேலைக்கு வைத்திருக்கும் சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 வாட்தான். அதைப் போல மூன்றரை மடங்குக்கும் மேலான வெப்பம் ஒரே போல்ட்டின் அடியில் உண்டாகிக்கொண்டிருந்தது. அந்த போல்ட் உள்ளே பிரஷ் பிடிப்போடு இணைந்திருப்பதால், சூடு நேராக மோட்டாருக்குள் இறங்கியது. வயரின் கருகிய பகுதியை வெட்டி நீக்கி, புது லக்கை அழுத்திப் பொருத்தி, வாஷரை உரிய இடத்தில் போட்ட பிறகு அளவு 0.03 வோல்ட்டுக்கு இறங்கியது.

வோல்ட் குறைந்தால் ஆம்பியர் கூடும், அதனால் மோட்டார் எரியும் என்று பலரும் சொல்வதை, இந்த வகை மோட்டாரைப் பொறுத்தவரை என்னால் ஏற்க முடியவில்லை. சீரிஸ் மோட்டாரில் இழுவை மின்னோட்டத்தைப் பொறுத்தது. அதே மேட்டில் அதே பாரத்தை இழுக்கத் தேவைப்படும் ஆம்பியர் ஏறத்தாழ அதேதான். குறைவது வேகம். வேகம் குறைந்தால் ஏறி முடிக்க அதிக நேரம் பிடிக்கும். தண்டிலேயே விசிறி பூட்டிய மோட்டாரில் காற்றோட்டமும் குறைந்துவிடும். போதாக்குறைக்கு, செம்புச் சுருளின் வெப்பம் 50 டிகிரி செல்சியஸ் ஏறினால் அதன் மின்தடையும் ஏறத்தாழ 20 சதவீதம் ஏறும். அது மேலும் சூட்டைக் கூட்டும்.

கேபிளின் பருமனும் கவனிக்க வேண்டியதுதான். 200 ஆம்பியர் ஓடும்போது, 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் மீட்டருக்கு 43 வாட் அளவுக்குச் சூடாகும். 35 சதுர மில்லிமீட்டர் என்றால் 20 வாட். அதிக வேகத்துக்காக மோட்டாரையும் கன்ட்ரோலரையும் மாற்றிவிட்டு, பழைய மெல்லிய கேபிள்களை அப்படியே விட்டுவைப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் தடித்த கேபிள் போட்டால் எல்லாம் தீரும் என்று நம்பிவிடக் கூடாது. லக் சரியில்லையென்றால் கேபிள் எவ்வளவு தடித்திருந்தும் பயனில்லை.

மோட்டார் ஒருபோதும் கெடாது என்று நான் சொல்லவில்லை. பிரஷ் தேய்ந்து போகும், அது உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டர் கருகும். விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கும், காற்றிறங்கிய டயரும் மோட்டாரின் தலையில்தான் விடியும். எதைத் தொடுவதானாலும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள். போல்ட்டில் இரண்டு நட்டுகள் இருந்தால், உள்நட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டுதான் வெளிநட்டை முடுக்க வேண்டும். இல்லாவிட்டால் போல்ட்டே சுழன்று உள்ளிருக்கும் இணைப்பு முறிந்துவிடும். பாரமில்லாமல் விட்டால் சீரிஸ் மோட்டார் கட்டுக்கடங்காத வேகம் எடுத்துச் சிதறக்கூடும் என்பதால், கழற்றிய மோட்டாரைத் தனியே வைத்து முழு வோல்ட்டில் ஓட்டிப் பார்க்கவே கூடாது.

கழற்றிப் போட்ட என் பழைய மோட்டாரைப் பிறகு பிரித்துப் பார்த்தேன். பிரஷ்கள் பாதிகூடத் தேய்ந்திருக்கவில்லை. எனவே, மோட்டாரை மாற்றச் சொல்லும் எவரும், அதற்கு முன் வண்டி மேடு ஏறும்போது ஒவ்வோர் இணைப்பிலும் எத்தனை வோல்ட் இழப்பு என்று அளந்து எழுதித் தரவேண்டும் என்பதே என் கோரிக்கை. வண்டியின் சொந்தக்காரர்களும் அந்தத் தாளைக் கேட்டு வாங்காமல் புது மோட்டாருக்குச் சம்மதிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்