கீசர் மாட்டுனீங்க சரி, சேஃப்டி வால்வு வாயை ஏன் அடைச்சீங்க?

அனுப்புநர்: உங்க கஸ்டமர், தண்டையார்பேட்டை, சென்னை - 81
பெறுநர்: கஸ்டமர் சர்வீஸ் மேனேஜர் அவர்கள்

பொருள்: எங்க வீட்ல மாத்துன 25 லிட்டர் கீசரோட இன்ஸ்டாலேஷன் தப்பா இருக்கு, உங்க செலவுல திரும்ப சரியா பண்ணித் தரணும்.

வணக்கம் சார் / மேடம்,

மொதல்லயே சொல்லிடறேன், கீசர் மேல எனக்கு எந்த கம்ப்ளைன்ட்டும் இல்ல, தண்ணி நல்லாதான் சுடுது, அத மாட்டிட்டுப் போன விதம்தான் பிரச்சனை. கீசர் உள்ள பிரஷர் ஏறுனா தண்ணிய வெளிய விடுறதுக்கு ஒரு சேஃப்டி வால்வு இருக்கு, உங்க டெக்னீஷியன் அதுல தண்ணி வெளிய வர்ற வாயை எம்சீல் வெச்சு அடைச்சிட்டுப் போயிட்டாரு. சுடுதண்ணி வர்ற பக்கம் பச்சத்தண்ணிக்குப் போடுற பிவிசி பைப்பைப் போட்டிருக்காரு. இதக் கேட்டா உங்க கஸ்டமர் கேர்ல "பிளம்பிங் எல்லாம் கஸ்டமர் ஸ்கோப் சார்"னு ஒரே பதில், அதாவது அது எங்க பொறுப்பாம். அதுக்கு மேல யாருமே வராம "உங்க புகார் தீர்க்கப்பட்டது"ன்னு மெசேஜ் வேற வருது, என்ன தீர்த்தீங்கன்னு எனக்கு புரியல. அதனாலதான் போன்ல பேசுறத விட்டுட்டு எழுத்துல தர்றேன்.

பழைய கீசர் டேங்க் ஓட்டையாகி சுவரெல்லாம் ஊறிப்போச்சு, அதான் மாத்துனோம். எங்க ஏரியா தண்ணி பத்தி உங்க சர்வீஸ் ஆளுங்களுக்குத் தெரியாம இருக்காது. மீஞ்சூர்ல 2010ல கடல் தண்ணியை நல்ல தண்ணியாக்கி வடசென்னைக்கு விட ஆரம்பிச்சாங்கதான், ஆனா மெட்ரோ வாட்டர் பத்தாத நாள்ல போர் தண்ணிதான் மேல டேங்க்குக்கு ஏறுது, அது உப்பு. பக்கெட்ல வெள்ளையா படியும், குழாய் வாயில கல்லு மாதிரி கட்டிக்கும். கீசர் உள்ள அது என்ன பண்ணும்னு தனியா சொல்லத் தேவையில்ல, தண்ணிய சுட வெக்கிற எலிமென்ட் மேலயும் சூட்டை அளவா நிறுத்துற தெர்மோஸ்டாட் குழாய் மேலயும் அதே உப்பு ஏறும். இந்த ஏரியாவுல மத்த எடத்த விட சேஃப்டி வால்வு ஒழுங்கா வேலை செஞ்சே ஆகணும்னு நான் சொல்றதுக்கு அதான் காரணம்.

வாங்கும்போது ஷோரூம்ல தெளிவா சொன்னாங்க, இன்ஸ்டாலேஷன் ஃப்ரீ, ஆனா கம்பெனி ஆளுதான் மாட்டணும், வெளி பிளம்பர் கை வெச்சா வாரண்டி கேன்சல்னு. வாரண்டி கார்டுலயும் அதான் போட்டிருக்கு. சரின்னு நாங்களும் தெருவுல இருக்குற பிளம்பர் அண்ணன கூப்பிடல. கரண்ட் சைடு எங்க பொறுப்புன்னு சொன்னதால அதை பக்காவா ரெடி பண்ணி வெச்சோம். 2000 வாட்ஸ் கீசர் 230 வோல்ட்ல கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், அதுக்கு 16 ஆம்ப் பாயிண்ட், தனி எம்சிபி, கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகுற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, எர்த் வயர் எல்லாம் எலக்ட்ரீஷியன் வந்து டெஸ்ட் பண்ணி குடுத்துட்டுப் போனாரு. உங்க டெக்னீஷியன் தம்பியும் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொன்னாரு.

அந்த தம்பி மேல எனக்குக் கோவம் இல்ல. தனியா வந்தாரு, கீசரைத் தூக்கிப் பிடிக்க கூட ஒரு ஆளு இல்ல, எங்க நைனாதான் கீழ இருந்து தாங்கினாரு, நடுநடுவுல அடுத்த வீட்டுக்கு எப்ப போறேன்னு அவருக்கு போன் வந்துக்கினே இருந்துச்சு. அவசர அவசரமா மாட்டிட்டு, எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்ஸ்னு ஒரு காசு வாங்கிட்டுக் கெளம்பிட்டாரு. கொஞ்ச நாள்லயே கீசர் போட்டா அடியில இருக்குற வால்வுல இருந்து சொட்டு சொட்டா தண்ணி வர ஆரம்பிச்சுது. கம்ப்ளைன்ட் குடுத்தோம், அதே தம்பிதான் வந்தாரு, "உங்க லைன்ல பிரஷர் ஜாஸ்தி, அதான் சொட்டுது"ன்னு சொல்லிட்டு பையில இருந்து எம்சீல் எடுத்து உருட்டி அந்த சின்ன வாயில அழுத்தி அடைச்சுட்டாரு. இப்போ அது கல்லு மாதிரி இறுகிப்போய் நிக்குது, கிட்டப் போயி டார்ச் அடிச்சுப் பாத்தா அவரோட கட்டைவிரல் ரேகை கூட அதுல பதிஞ்சிருக்கு. போட்டோ இதோட வெச்சிருக்கேன், பாருங்க.

பிரஷர் ஜாஸ்தின்னு சொன்னது கொஞ்சம் கூட நிக்காத பேச்சு சார். எங்க வீட்ல பிரஷர் பம்ப் கிடையாது, மொட்டை மாடி டேங்க்ல இருந்து தானா இறங்குற தண்ணிதான். பிரஷரை பார்னு அளப்பாங்க, பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார். எங்க டேங்க்குக்கும் கீசருக்கும் நடுவுல 6 மீட்டர் கூட வராது, அதாவது அரை பாருக்குக் கொஞ்சம் மேல. உங்க வால்வு மேல 8 பார்னு நீங்களே அச்சடிச்சிருக்கீங்க. அரை பார் தண்ணி 8 பார் வால்வை எப்படித் தொறக்கும்?

தண்ணி சொட்டுனதுக்குக் காரணம் வேற. தண்ணி சூடாச்சுன்னா விரியும். சாதாரண தண்ணிய 60 டிகிரிக்கு சூடு பண்ணா 25 லிட்டருக்கு 300 மில்லிக்கு மேல அளவு கூடும். உள்ள வர்ற பக்கம் அந்த வால்வுலயே என்ஆர்வி இருக்கு, தண்ணி திரும்ப டேங்க்குக்கு ஏற விடாது. மேல எல்லா குழாயும் மூடியிருக்கு. அப்போ அந்த 300 மில்லி எங்க போகும்? வால்வு வழியா சொட்டித்தான் ஆகணும், அதுக்குத்தான் அந்த வாயே வெச்சிருக்கீங்க. சூடு ஏறும்போது சொட்டுனா வால்வு ஒழுங்கா வேலை செய்யுதுன்னு அர்த்தம், கீசர் ஆஃப்ல ஆறிக் கிடக்கும்போதும் நிக்காம சொட்டுனாதான் வால்வு போச்சு, மாத்தணும். உங்க மேனுவல்லயே இது படம் போட்டு இருக்கு, அந்த வாயில ஒரு டியூப் மாட்டி கீழ்ப்பக்கமா இறக்கி ட்ரெயின் கிட்ட விடணும், அத எப்பவும் மூடக்கூடாதுன்னு. உங்க ஆளு அந்த டியூப மாட்டவே இல்ல, பெட்டிக்குள்ள கவரோட அப்படியே கெடக்குது.

தெர்மோஸ்டாட் இருக்கு, சூடு மீறுனா கரண்டை நிறுத்துற கட் அவுட் இருக்கு, ஒண்ணும் ஆகாதுன்னு கஸ்டமர் கேர்ல ஒருத்தர் சொன்னாரு. ரெண்டும் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அந்த ரெண்டும் உப்பு ஏறி, ஈரத்துல கெட்டுப்போய் மாட்டிக்கிட்டா கடைசியா காப்பாத்த இருக்குற ஒரே சாமான் இந்த வால்வுதான். அதுவும் அடைச்சிருந்தா தண்ணி 100 டிகிரி தாண்டியும் கொதிக்காம பிரஷர்ல அடங்கி நிக்கும், டேங்க் எங்கயாவது கிழிஞ்சா அந்த நொடியே அதுல ஒரு பங்கு ஆவியாகும், தண்ணி ஆவியானா 1600 மடங்குக்கு மேல இடம் கேக்கும். ஓடுற குக்கர்ல வெயிட்டையும் சேஃப்டி வால்வையும் சேத்து அடைச்சா என்ன ஆகும்னு சமையல் பண்ற எல்லாருக்கும் தெரியும். எங்க பாத்ரூமோ ஆறடிக்கு நாலடி, கீசர் நேரா தலைக்கு மேல. எங்க அம்மாவும் நைனாவும்தான் அதுல குளிக்கிறாங்க.

அதனால இந்த விஷயம் புரிஞ்ச அன்னிக்கே மெயின் ஆஃப் பண்ணிட்டேன். புது கீசரை சுவர்ல மாட்டி வெச்சுக்கினு எங்க அம்மா அடுப்புல அண்டாவுல தண்ணி காய வெச்சு பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போறாங்க. கேஸும் போவுது, அவங்க முட்டியும் போவுது. நைனாவுக்கு சுகர், கால்ல உணர்ச்சி கம்மி, சூடு பட்டா கூட சட்டுன்னு தெரியாது, தண்ணி அளவா சுடணும்னுதான் தெர்மோஸ்டாட் இருக்குற கீசரா பாத்து வாங்கினோம்.

அடுத்தது பைப். சுடுதண்ணி அவுட்லெட்ல இருந்து சுடுதண்ணியும் பச்சத்தண்ணியும் கலந்து வர்ற மிக்சர் குழாய் வரைக்கும் ஒரு முழம் பைப்பும் ரெண்டு எல்போவும் போட்டிருக்காரு. பைப் மேல அச்சடிச்சிருக்குறத படிச்சேன், ஐ.எஸ். 4985ன்னு இந்தியத் தர நம்பர் இருக்கு. அது யுபிவிசி, பச்சத்தண்ணிக்கு, 45 டிகிரி வரைக்கும்தான் அதுக்குக் கணக்கு. சுடுதண்ணிக்கு சிபிவிசி போடணும், அதுல ஐ.எஸ். 15778ன்னு இருக்கும், 93 டிகிரி வரைக்கும் தாங்கும்னு பைப் கம்பெனிக்காரங்களே சொல்றாங்க, கலரே லேசா மஞ்சளா இருக்கும், ஹார்டுவேர் கடையில வேலை செய்யற சின்னப் பையன் கூட பாத்தவுடனே சொல்லிடுவான். எங்க வீட்ல அந்த எல்போ இப்பவே ஒரு பக்கமா வளைஞ்சு தொங்குது, ஜாயிண்ட்ல கசிவு, ஆள் இல்லாத நேரத்துல பிச்சுக்கிட்டு சுடுதண்ணி பீச்சுனா பரவால்ல, நைனா கீழ ஸ்டூல்ல ஒக்காந்து குளிக்கும்போது பிச்சுக்கிட்டா என்ன பண்றது?

பச்சத்தண்ணி உள்ள வர்ற இன்லெட்ல தண்ணிய மூடுறதுக்கு ஒரு கேட் வால்வும் போடல. நாளைக்கு கீசர் சர்வீஸ் பண்ணணும்னா மொத்த வீட்டுக்கும் தண்ணிய நிறுத்தணும். இது சின்ன விஷயம், ஆனா இதுக்கும் எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்ஸ்ல காசு எழுதியிருக்காரு, பில்லப் பாருங்க, "வால்வு - 1"னு இருக்கும். அந்த வால்வு எங்க இருக்குன்னு நான் தேடிட்டேன், வீட்ல இல்ல.

இப்போ இந்த "கஸ்டமர் ஸ்கோப்" பேச்சுக்கு வர்றேன். வெளி ஆளு மாட்டுனா வாரண்டி இல்லன்னு எழுதினது நீங்க. அனுப்புன ஆளு உங்க ஆளு. பைப், எல்போ, டேப் எல்லாத்துக்கும் காசு வாங்குனது உங்க பில்லுல. அப்புறம் பைப் தப்புன்னு சொன்னா மட்டும் அது எங்க ஸ்கோப் ஆயிடுமா? நானே பிளம்பரைக் கூப்பிட்டு சரி பண்ணிக்கலாமான்னு கேட்டேன், பண்ணா வாரண்டி போயிடும்னு அதே கஸ்டமர் கேர்ல அதே ஆளு சொல்றாரு. நீங்களும் பண்ண மாட்டீங்க, எங்களையும் பண்ண விட மாட்டீங்கன்னா நாங்க என்னதான் பண்றது சார்?

கீசர் மேல ஐ.எஸ்.ஐ முத்திரையும் ஐ.எஸ். 2082ன்னு நம்பரும் போட்டுத்தான் விக்கிறீங்க. அந்த கீசர் பத்திரமா இருக்கணும்னா அந்த வால்வும் வேலை செய்யணும். ஃபேக்டரியில டெஸ்ட் பண்ணி பாஸ் ஆன பொருளை எங்க பாத்ரூம்ல வெச்சு எம்சீல் போட்டு ஃபெயில் ஆக்கிட்டுப் போனா அந்த முத்திரைக்கு என்ன மதிப்பு? நேஷனல் பில்டிங் கோடு 2016ல ஒன்பதாவது பாகம் பிளம்பிங் பத்தினதுதான், சுடுதண்ணி சப்ளை எப்படி பண்ணணும்னு அதுல தனியாவே சொல்லியிருக்காங்க. உங்க டெக்னீஷியனுங்களுக்கு அதுல ஒரு நாள் டிரெயினிங் குடுத்திருந்தா கூட இந்த வேலை நடந்திருக்காது. நம்ம ஊர்ல கீசர் மாத்துனா வந்து செக் பண்ண ஆபீசர்னு யாரும் வர்றது இல்ல, மாட்டுற ஆளு கையிலதான் எல்லாம் இருக்கு, அதனாலதான் இவ்ளோ தூரம் எழுதுறேன்.

எனக்கு வேண்டியது இதுதான். அடைச்ச வால்வைக் கழட்டிட்டு புது வால்வு போடுங்க, சுரண்டி எடுத்துட்டு அதையே திரும்ப மாட்டக்கூடாது, உள்ள ஸ்பிரிங்ல எம்சீல் போயிருந்தா யாருக்கும் தெரியாது. டியூப் மாட்டி கீழ ட்ரெயின் பக்கம் இறக்குங்க. சுடுதண்ணி பக்கம் சிபிவிசி, இன்லெட்ல பில்லுல இருக்குற அந்த கேட் வால்வு. முடிச்சதும் தண்ணிய முழுசா சூடு பண்ணி, எங்க முன்னாடி வால்வு சொட்டுதான்னு காமிச்சு, என்ன பண்ணீங்கன்னு எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்ஸ் காசைத் திருப்பித் தாங்க. இவ்ளோ நாள் ஆஃப்ல கெடந்ததுக்கு வாரண்டிய அந்த அளவுக்குத் தள்ளிப் போட்டுக் குடுங்க.

இன்னொண்ணு, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். அந்த தம்பி தினமும் பல வீட்டுக்குப் போறாரு, எங்க வீட்ல சொட்டுனதுக்கு எம்சீல் வெச்சவரு மத்த வீட்ல மட்டும் வெச்சிருக்க மாட்டாருன்னு என்ன நிச்சயம்? ராயபுரம், காசிமேடு, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர்னு "வால்வுல தண்ணி சொட்டுது"ன்னு கம்ப்ளைன்ட் வந்த வீடு எல்லாம் உங்க சிஸ்டத்துல இருக்கும். அத்தனை வீட்டுக்கும் போன் பண்ணி, வால்வு வாய் தொறந்திருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, அடைச்சிருந்தா கீசரை ஆஃப்ல வெக்கச் சொல்லுங்க, ஆளை அனுப்புங்க. அதுக்கு அந்த தம்பி வேலைய எடுக்காதீங்க, அவருக்கு கத்துக் குடுங்க, கூட ஒரு ஆளையும் போட்டு அனுப்புங்க.

இந்தக் கடிதம் கிடைச்ச 15 நாளைக்குள்ள வேலை நடக்கலன்னா 1915க்கு போன் பண்ணி தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிவு பண்ணுவேன், அதுக்கும் அசையலன்னா வடசென்னை மாவட்ட நுகர்வோர் கமிஷனுக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல சேவைக் குறைபாடுன்னா என்னன்னு தெளிவா இருக்கு, கேஸ் போட ரெண்டு வருஷம் டைமும் இருக்கு, நாம குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கூட கிடையாது. மிரட்டுறதுக்காக சொல்லல, வேலை நடந்தா நான் எங்கயும் போகப்போறது இல்ல.

பில், வாரண்டி கார்டு காப்பி, எம்சீல் அடைச்ச வால்வு போட்டோ, பைப் மேல 4985 தெரியற போட்டோ, தொங்குற எல்போ போட்டோ எல்லாம் இதோட இருக்கு. ஆள் வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணிட்டு வரச் சொல்லுங்க, காலைல பத்து மணிக்கு மேல வந்தா நல்லது, அதுக்கு முன்னாடி மெட்ரோ தண்ணி புடிக்கிற நேரம், லைனை நிறுத்த முடியாது.

இப்படிக்கு,
கீசர் வாங்கிய கஸ்டமர்,
தண்டையார்பேட்டை