இரண்டு மாத்திரை மட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பது ஆண்டுகள் மருந்துக்கடை நடத்தியவன் நான். "இரண்டு மாத்திரை மட்டும் கொடுங்கள்" என்று சில்லறையை நீட்டியவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் (கிருமிக்கொல்லி) மாத்திரை அட்டையைக் கத்தரியால் நறுக்கிக் கொடுத்திருக்கிறேன். மருத்துவர் சீட்டு கேட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்களே!

சென்ற மாதம் என் மனைவிக்குச் சிறுநீர்த் தொற்று. சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் ஈ.கோலை என்ற கிருமி. அறிக்கையில் முக்கால்வாசி மருந்துகளுக்கு எதிரே 'ஆர்' என்ற எழுத்து. அதாவது அந்த மருந்துக்குக் கிருமி மசியாது. நான் நறுக்கி விற்ற செஃபிக்சிம், சிப்ரோஃப்ளாக்சசின் இரண்டுக்கும் அதே எழுத்துதான். இப்படிக் கண்டபடி விழுங்கினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். கடைசியில், மற்றவை கேட்காதபோது போடும் மெரோபெனம் ஊசி, நாளுக்கு மூன்று வேளை, ஏழு நாள்.

செஃபிக்சிம் உள்ளிட்ட மருந்துகளை, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவற்றின் பட்டியலான எச்1 அட்டவணையில் சேர்த்து 2014 மார்ச் முதல் விதி இருக்கிறது. விற்பனையைத் தனிப் பதிவேட்டில் நோயாளி, மருத்துவர் பெயரோடு எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். என் பதிவேட்டில் நான்கு பக்கம்கூட நிரம்பவில்லை. யாரும் புரட்டிப் பார்க்கவும் இல்லை. இனியாவது ஆய்வாளர்கள் புரட்டட்டும். மருத்துவர்களும் கல்ச்சருக்கு மாதிரி எடுத்த பிறகே முதல் மாத்திரையைத் தரட்டும்; மருந்து உள்ளே போனபின் எடுத்தால் கிருமி வளராமல் ஏமாற்றிவிடும்.

அந்தக் கத்தரி இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
கும்பகோணம்.