உன்னைக் குப்புறத்தான் படுக்க வைத்தேன்

அன்பு மகளே,

நேற்றுத் தொலைபேசியில், "குழந்தையைக் குப்புறப் போடு, அயர்ந்து தூங்குவான்" என்றேன். "ஐயோ, கூடவே கூடாது அம்மா!" என்று பதறினாய். பெற்றவளுக்கே பாடமா என்று முகம் சுண்டிவிட்டது. இரவு தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்து படித்தேன். நீ சொன்னதுதான் சரி.

1986-இல் நீ பிறந்தபோது குப்புறப் போடச் சொன்னவர் மருத்துவரேதான். மல்லாந்து கிடந்தால் கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்றார். நம்பாமல் எப்படி இருப்பது? ஆனால் மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் அமைகின்றன. எதுக்களித்த பால் மேலேறிப் போவதுதான் கடினம். குப்புறப் போட்டால் அந்த அமைப்பு தலைகீழாகிவிடுகிறது.

1991-இல் பிரிட்டனிலும் 1992-இல் அமெரிக்காவிலும் அறிவுரையை மாற்றினார்கள். சில ஆண்டுகளில், தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறந்துபோகும் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. என்னால் தாங்க முடியாதது இன்னொன்று. பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2005-இல் ஒரு குழு கணக்குப் பார்த்தபோது, 1970-லேயே ஆபத்தைக் கண்டுகொள்ளப் போதுமான சான்று இருந்திருக்கிறது. நீ பிறப்பதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே! யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அறிவியல் தன் பேச்சை மாற்றிக்கொள்வது புதிதல்ல. புளூட்டோவை 2006-இல் கோள் வரிசையிலிருந்து எடுத்தார்களே, அதில் யாருக்கும் இழப்பில்லை; கோள் என்ற சொல்லுக்கு வரையறை மாறியது, அவ்வளவுதான். உன் அப்பாவின் வயிற்றுப் புண் அப்படியல்ல. கவலையால் வந்த புண், கவலையை விடு, எல்லாம் சரியாகும் என்றே அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலான புண்களுக்கு ஒரு பாக்டீரியாதான் காரணம் என்று மார்ஷல், வாரன் என்ற இரு ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 1980-களில் காட்டிய பிறகும், அதைக் கொல்லும் மருந்து அப்பாவுக்கு வந்து சேர வெகுகாலமாயிற்று.

"இன்று ஒன்று, நாளை ஒன்று, யாரை நம்புவது?" என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. குழந்தைகளின் சாவைப் பொறுமையாக எண்ணிப் பார்த்தவர்கள்தான் இதை மாற்றினார்கள். அவர்கள் எண்ணாமல் விட்டிருந்தால், நேற்று நீயும் என் பேச்சைக் கேட்டிருப்பாய்.

பேரனை மல்லாந்தே படுக்க வை. இனி நான் எது சொன்னாலும், "எப்போது கற்றுக்கொண்டது, அம்மா?" என்று கேள். கோபித்துக்கொள்ள மாட்டேன். அவனுக்காக ஒரு சின்னத் தலையணை தைத்து வைத்திருந்தேன். தொட்டிலில் அதுவும் கூடாதாம். வரும்போது அதைக் கொண்டுவரமாட்டேன்.

அன்புடன்,
அம்மா