ஒரு பல்பு போனதுக்கு எதுக்குங்க முழு செட்டு?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல பெங்களூருல சில்க் போர்டு தாண்டி ஓசூர் ரோட்டுல வண்டி ஓட்டறவங்க எல்லாரும் இதைப் பாத்திருப்பீங்க. முன்னாடி ஒத்த செவப்பு லைட்டு போகும், பைக்குன்னு நினைச்சு பக்கத்துல ஏறப் போனா அது கார், ஒரு பக்க டெயில் லைட் போயிருக்கு, அதுவும் சாயங்கால மழை பிடிச்சுட்டா கேக்கவே வேணாம். ஓட்டறவரைத் திட்டியும் பிரயோஜனம் இல்ல, அவருக்கு முன்னாடி வெளிச்சம் இருக்கு, மீட்டர் எரியுது, பின்னாடி பல்பு போனது அவருக்கு எப்படித் தெரியும்? இப்ப வர்ற வண்டிங்கள்ல டிஆர்எல்னு (பகல்ல எரியற லைட்டு) முன்னாடி ஒண்ணு தானா எரியுது, அதையே லைட்டுன்னு நம்பி ஸ்விட்சே போடாம போறவங்களும் இருக்காங்க, நிறைய வண்டில அது எரியும்போது பின்பக்கம் இருட்டாத்தான் இருக்கும்.

சரி, தெரிஞ்சு மாத்தப் போனா அங்க வேற கதை. என் வண்டிய ஒரு சர்வீஸ் சென்டர்ல காட்டினேன், "சார், டெயில் லைட்ட முழு செட்டாத்தான் மாத்தணும்"னு சொல்லி எஸ்டிமேட் நீட்டினாங்க, ஆயிரக்கணக்குல. எல்இடி டெயில் லைட்டா இருந்தா அது நியாயம், அதுல பல்புன்னு தனியா எதுவும் இருக்காது. என்னோடது பழைய வண்டி, உள்ள இருக்கறது சாதா பல்பு! பேசாம வண்டிய எடுத்துட்டு வந்து லிங்கராஜபுரத்துல எங்க ஏரியா எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட விட்டேன். டிக்கியத் திறந்தாரு, ரெண்டு ஸ்க்ரூ கழட்டினாரு, லைட்ட பக்கவாட்டுல நெம்பாம நேரா பின்பக்கமா இழுத்தாரு (நெம்பினா அந்தப் பக்கம் இருக்கற பிளாஸ்டிக் முளை உடைஞ்சிடும், அப்ப நெஜமாவே செட்டு வாங்கணும்), ஹோல்டரை இடப்பக்கமா ஒரு திருப்பு, பல்ப அமுக்கித் திருப்பினா கையோட வந்துடுச்சு. கண்ணாடி உள்பக்கம் கறுப்பா புகை பிடிச்ச மாதிரி இருந்துச்சு.

அந்தப் பல்புல ரெண்டு இழை இருக்கு, 21 வாட் பிரேக்குக்கு, 5 வாட் ராத்திரி டெயில் லைட்டுக்கு. பி 21/5 டபிள்யூன்னு அடில பொடி எழுத்துல போட்டிருக்கும். ஒரு இழை போனாலும் இன்னொண்ணு எரியும், அதனாலதான் பிரேக் லைட் பளிச்சுன்னு எரியும், டெயில் லைட் செத்துக் கெடக்கும், பிரேக்க மட்டும் மிதிச்சுப் பாத்துட்டு எல்லாம் சரியா இருக்குன்னு கிளம்பிடறோம். ரெண்டையும் தனித்தனியா பாக்கணும். ஆள் துணை இல்லேன்னா செவுத்துக்கோ கடை ஷட்டருக்கோ பின்பக்கத்தைக் காட்டி நிறுத்துங்க, ரியர்வியூ கண்ணாடில அந்த வெளிச்சம் தெரியும், சிக்னல்ல பின்னாடி பிஎம்டிசி பஸ் நின்னா அதுவே போதும்.

பல்பு ஜே.சி. ரோட்டுல எந்த ஸ்பேர்ஸ் கடைலயும் கிடைக்கும், ஓட்டல்ல ரெண்டு பேர் டிபன் சாப்பிடற காசு கூட ஆகாது. ஆனா பழசைக் கையோட எடுத்துட்டுப் போங்க. இந்தப் பல்புக்கு ரெண்டு பக்கமும் இருக்கற குட்டி முளை ஒண்ணு மேல ஒண்ணு கீழ இருக்கும், தப்பா மாட்டக் கூடாதுன்னுதான் அப்படி வெச்சிருக்காங்க, சில பேர் கைக்குக் கிடைச்ச ஒத்த இழை பல்ப அதுல போட்டு அழுத்தித் திருகிடறாங்க. அப்படி மாட்டினா பிரேக் ஒயரும் டெயில் ஒயரும் ஒண்ணாயிடும், லைட் போட்டாலே பிரேக் பிடிச்ச மாதிரி முழு வெளிச்சம், அப்புறம் நெஜமா பிரேக் பிடிக்கும்போது பின்னாடி வர்றவனுக்கு என்ன தெரியும்? பல்பே இல்லாம ஓட்டறதை விட இது மோசம்னு தான் நான் சொல்வேன். கை எண்ணெய் பட்டா பல்பு போயிடும்னு பயப்படறாங்க, அது ஹெட்லைட் ஹாலஜனுக்குத்தான், இதைத் துணியால துடைச்சு மாட்டினாப் போதும். ஹோல்டர்ல பச்சை பிடிச்சிருந்தா உப்புத்தாளால தேய்க்கணும். இண்டிகேட்டர் போட்டா டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்கினா பல்பை விட்டுட்டு எர்த் ஒயரைப் பாருங்க. ரெண்டு பக்கமும் பிரேக் லைட்டே வரலன்னா ஃபியூஸு, இல்லேன்னா பெடல் ஸ்விட்சு.

போலீசுக்கும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 177வது பிரிவுல மொதல் தடவைக்கு 500 ரூபா வரைக்கும், அடுத்த தடவை 1,500 வரைக்கும் ஃபைன் போடலாம், 2019ல தான் 100ல இருந்து ஏத்தினாங்க. போடுங்க, வேணாங்கல. ஆனா ரசீது வாங்கினவர் அதே இருட்டு லைட்டோட கிருஷ்ணகிரி வரைக்கும் போறாரே. தீபாவளி, பொங்கலுக்கு மொத நாள் சாயங்காலம் கர்நாடக எல்லைல இருக்கற அத்திப்பள்ளில பாதி பெங்களூரு நம்மாளுங்க வண்டியாத்தான் நிக்குது, அங்க ஒரு ஓரமா எலக்ட்ரீஷியன் ரெண்டு பேரை ஒரு டப்பா பல்போட உக்கார வெச்சு, காசு வாங்கிட்டு அங்கயே மாட்டி அனுப்ப ஏற்பாடு பண்ணலாமே. ஒரு வண்டிக்கு பத்து நிமிஷம் ஆகுமா?

நீங்களும் பண்டிகை ஸ்பெஷல் பஸ், ரயில் டைம் போடற பக்கத்துலயே, ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி பின் லைட்டைப் பாருங்கன்னு ஒரு பெட்டிச் செய்தி போட்டீங்கன்னா நல்லாருக்கும் ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
லிங்கராஜபுரம், பெங்களூரு