பருவ நிறைவுக் கடிதமும் வீட்டுக் கைவேலைகள் குறித்த வேண்டுகோளும்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம்.

இந்தப் பருவம் நல்லபடியாக நிறைவடைந்திருக்கிறது. தேர்வுகள் குறித்த நேரத்தில் நடந்து முடிந்தன. விளையாட்டு விழாவில் எல்லா வகுப்புகளும் உற்சாகமாகப் பங்கெடுத்தன. பேச்சுப் போட்டியிலும் இசை நிகழ்ச்சியிலும் நம் பிள்ளைகள் பள்ளிக்குப் பெருமை சேர்த்தார்கள். நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துச் செல்லும் மாணவர்களின் எண்ணிக்கை கூடியிருப்பது எனக்குத் தனிப்பட்ட முறையில் மகிழ்ச்சி தருகிறது. இவை அனைத்துக்கும் துணைநின்ற ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் உங்களுக்கும் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். பருவத்தின் இறுதியில் நடந்த கைவினைக் கண்காட்சியைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கண்காட்சிக் கூடம் நிறைந்திருந்தது. காகிதக் கூழில் செய்த முகமூடிகள், அட்டை வீடுகள், களிமண் கிண்ணங்கள், துணிப் பொம்மைகள், வீட்டில் பேக் செய்த கேக்குகள், பிஸ்கட்டுகள் எனக் குடும்பங்கள் கொண்டுவந்து குவித்தவற்றுக்கு மேசைகளில் இடம் போதவில்லை. வேலைக்குப் போய்த் திரும்பி, வீட்டு வேலைகளையும் முடித்துவிட்டு, அதன் பிறகு பிள்ளையோடு உட்கார்ந்து அட்டை வெட்டவும் பசை தடவவும் எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை நான் நன்கு அறிவேன். அந்தப் பொறுமைக்கு முதலில் தலைவணங்குகிறேன். இனி நான் சொல்லப்போவது எதுவும் உங்கள் அக்கறையைக் குறைத்து மதிப்பிடுவதாகாது. அந்த அக்கறை எந்தப் பக்கம் செல்ல வேண்டும் என்பதைப் பற்றியதே ஆகும்.

முதல் வகுப்புக் குழந்தை ஒருவரின் மேசையில், உள்ளே சிறு விளக்குகள் எரியும் அட்டை மாளிகை ஒன்று இருந்தது. சன்னல்கள் ஒவ்வொன்றும் அளவெடுத்துக் கத்தியால் வெட்டப்பட்டிருந்தன. மூலைகள் மில்லிமீட்டர் பிசகாமல் பொருந்தியிருந்தன. “இந்தக் கதவை எப்படித் திறந்து மூட வைத்தாய்?” என்று நான் கேட்டபோது குழந்தை பதில் சொல்லாமல், சற்றுத் தள்ளி நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. பொதுவாக நான்கு வயதை ஒட்டி ஒரு குழந்தை நேர்கோட்டின் மேல் கத்தரிக்கோலைச் செலுத்தப் பழகுகிறது. வட்டம் போன்ற வடிவங்களை ஓரளவு திருத்தமாக வெட்ட ஐந்து, ஆறு வயதாகிவிடுகிறது. கைவிரல் தசைகள் அந்த வேகத்தில்தான் பழகும். முதல் வகுப்புக் குழந்தை தன் கையால் அந்த மாளிகையைச் செய்திருக்க முடியாது என்பது அதைப் பார்த்த எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. அந்தக் குழந்தைக்கும் தெரியும் என்பதுதான் என் கவலை.

அதே வரிசையின் கடைசியில் ஒரு சிறுவன், தான் செய்த அட்டைக் கடிகாரத்தைப் புத்தகப்பைக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தான். 1 முதல் 8 வரை எண்களைத் தாராளமாக எழுதிவிட்டு, மிச்சமிருந்த கொஞ்ச இடத்தில் 9, 10, 11, 12 ஆகியவற்றை நெருக்கி எழுதியிருந்தான். முள் இரண்டும் ஒரு சட்டைப் பொத்தானில் நூலால் கோக்கப்பட்டிருந்தன. முதலில் நூலை இறுக்கிக் கட்டியதால் முள் சுற்றவில்லை என்றும், தளர்த்திக் கட்டினால் எங்கே நிறுத்தினாலும் கீழே சரிந்து ஆறைக் காட்டியது என்றும், அதனால் பொத்தானுக்கும் முள்ளுக்கும் நடுவே ஒரு சிறு அட்டைத் துண்டைச் செருகியதாகவும் அவன் எனக்கு விளக்கினான். உராய்வு என்னும் பாடத்தை அவன் இன்னும் சில ஆண்டுகள் கழித்துத்தான் படிப்பான். ஆனால் அதைக் கையால் கண்டுகொண்டுவிட்டான். அந்தக் கூடத்தில் நான் பார்த்தவற்றுள் மிகச் சிறந்த படைப்பு அதுதான். அதை அவன் ஒளித்து வைத்ததற்குக் காரணம், பக்கத்து மேசைகளில் இருந்தவற்றைச் செய்த கைகள் அவன் வயதுக்கு உரியவை அல்ல என்பதே.

கைவேலை ஏன் பாடத்திட்டத்துக்குள் வந்தது என்பதை இங்கே நினைவுபடுத்த விரும்புகிறேன். ஜெர்மனியில் 1837இல் சிறு குழந்தைகளுக்கான கல்விக்கூடம் ஒன்றைத் தொடங்கி, பின்னர் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயரிட்ட பிரெட்ரிக் புரோபெல், காகிதம் மடிப்பதையும் பட்டைகளைக் கோத்துப் பின்னுவதையும் களிமண் பிசைவதையும் குழந்தையின் அன்றாட வேலைகளாக வைத்தார். பின்லாந்து 1866லேயே கைவேலையைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கியது. ஸ்வீடனில் ஆசிரியர்களுக்குக் கைவேலைப் பயிற்சி அளித்த ஓட்டோ சாலமன், மாணவர் செய்துகொண்டிருக்கும் பொருளில் ஆசிரியர் கைவைக்கக் கூடாது என்பதை ஒரு விதியாகவே வலியுறுத்தினார். சொல்லிக் கொடுக்கலாம், வேறொரு துண்டில் செய்து காட்டலாம். ஆனால் மாணவரின் கையில் இருப்பது மாணவருடையதாகவே இருக்க வேண்டும். வீட்டில் உதவும் பெரியவர்களுக்கும் இதைவிடத் தெளிவான வழிகாட்டுதலை என்னால் தர முடியாது.

பேக்கிங்கில் இது இன்னும் தெளிவாகப் புலப்படும். மாவை அளக்கும் குழந்தை, கால் கோப்பையை இரண்டு முறை நிரப்பினால் அரைக் கோப்பை ஆகிறது என்பதைக் கரும்பலகையைவிட விரைவாகப் புரிந்துகொள்கிறது. மாவை அளவுக்கு மீறிக் கலக்கினால் கோதுமையின் புரதம் பிணைந்து கேக் இறுகிப்போகும். பாதி வெந்திருக்கும்போது ஓவனைத் திறந்து பார்த்தால் நடுப்பகுதி அமுங்கிவிடும். இந்த இரண்டும் நடக்கட்டும். அமுங்கிய கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டே ஏன் அமுங்கியது என்று குடும்பமாகப் பேசுவதில் கிடைக்கும் கல்வி, ஒரு பெரியவர் கிரீமால் பூக்கள் வரைந்து கொடுத்தனுப்பும் கேக்கில் கிடைக்காது. அளப்பது, சலிப்பது, முட்டை உடைப்பது, கலக்குவது, மேசையைத் துடைப்பது ஆகியவை குழந்தையின் வேலைகள். 180 டிகிரியில் சூடாகியிருக்கும் ஓவனைத் திறப்பதும் தட்டை வெளியே எடுப்பதும் பெரியவரின் வேலை.

பாதுகாப்பு குறித்து வேறொன்றையும் சொல்ல வேண்டும். சூடான பசைத் துப்பாக்கியைச் சிறு குழந்தைகளின் கையில் கொடுக்க வேண்டாம். அதிலிருந்து வரும் உருகிய பசை தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். நொடியில் ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசை பருத்தித் துணியிலோ பஞ்சிலோ பட்டால் வேதிவினையால் கடும் சூடு உண்டாகித் தோலைச் சுட்டுவிடக்கூடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பொம்மைக்குள் பஞ்சு அடைக்கும் வேலையில் அந்தப் பசையை அறவே தவிர்த்துவிடுங்கள். தண்ணீரில் கழுவினால் போகும் சாதாரண வெள்ளைப் பசை, காய்வதற்கு நேரம் எடுத்தாலும், பள்ளி வேலைகளுக்குப் போதுமானது.

இப்போது ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். பெரியவர்கள் செய்ததும், கடையில் வாங்கியதும், பணம் கொடுத்துப் பிறரிடம் செய்வித்ததும் அடுத்த பருவம் முதல் கண்காட்சியில் வைக்கப்படமாட்டா. அவற்றுக்கு மதிப்பெண்ணும் கிடையாது. ஒவ்வொரு மாணவரும் தன் படைப்பை எப்படிச் செய்தார், எது சரியாக வரவில்லை, அதை எப்படிச் சரிசெய்தார் என்பதை வகுப்பாசிரியரிடம் தன் வாயால் விளக்க வேண்டும்; மதிப்பெண் அந்த விளக்கத்துக்கே தரப்படும். இதில் எந்த வகுப்புக்கும் எந்தக் குடும்பத்துக்கும் விலக்கு இல்லை. கண்காட்சி நடந்த அன்று மாலை, பெற்றோர்களின் வாட்ஸ்ஆப் குழு ஒன்றில், பிற குழந்தைகளின் படைப்புகளைப் படம் எடுத்துப் போட்டுக் கேலியாக எழுதியிருந்ததாகவும் அறிகிறேன். ஒரு குழந்தையின் கைவேலையைப் பெரியவர்கள் கூடிச் சிரிப்பது எந்த நிலையிலும் ஏற்கத்தக்கதல்ல. அந்தப் படங்களை உடனே நீக்கிவிடுமாறும், இனி உங்கள் பிள்ளையின் படைப்பைத் தவிர வேறொருவருடையதைப் படம் எடுத்துப் பகிர வேண்டாம் என்றும் உறுதியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

முதல், இரண்டாம், மூன்றாம் பரிசுகளையும் நிறுத்துகிறோம். பிள்ளைகளுக்கு ஏமாற்றமாக இருக்குமே என்று சிலர் நினைக்கலாம். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்னும் உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றை ஆசிரியர் கூட்டத்தில் விரிவாகப் பேசினோம். படம் வரைவதில் இயல்பாகவே ஆர்வம் கொண்ட மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, வரைந்ததும் கொடுத்தார்கள். பிறகு தம் விருப்பப்படி விளையாடும் நேரத்தில் அந்தப் பிரிவினர் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்றவர்களிடம் அந்தக் குறைவு காணப்படவில்லை. பரிசை எதிர்பார்த்துச் செய்த வேலையில், பரிசு இல்லாதபோது பிள்ளையின் ஆர்வம் குறைந்துவிடக்கூடும். வீட்டிலும், “இதைச் செய்து முடித்தால் அதை வாங்கித் தருகிறேன்” என்பதைக் கைவேலைக்கு மட்டுமாவது தவிர்த்துப் பாருங்கள்.

அடுத்த பருவத்துக்கான ஏற்பாடுகள் இவை. கைவேலைகளின் பெரும்பகுதி வகுப்பிலேயே தொடங்கும். வீட்டில் தொடர வேண்டியதற்கு இரண்டு வாரக் கால அவகாசம் தரப்படும். காகிதக் கூழ் ஒவ்வொரு அடுக்காகக் காய வேண்டும், களிமண் தடித்த இடத்தில் மெதுவாகவும் மெல்லிய இடத்தில் விரைவாகவும் காய்ந்து வெடிக்கும். ஒரே இரவில் முடிக்க முயன்றால் இறுதியில் பெரியவர் கைதான் தேவைப்படும் என்பதால் அந்த அவகாசத்தைத் தள்ளிப்போடாமல் பயன்படுத்துங்கள். புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. பழைய அட்டைப்பெட்டி, செய்தித்தாள், கிழிந்த துணி, பொத்தான், நூல் ஆகியவற்றைக் கொண்டே செய்யக்கூடிய வேலைகளைத்தான் ஆசிரியர்கள் தருவார்கள். தெர்மாகோல் மக்கிப் போவதில்லை என்பதால் அதை முற்றிலும் விலக்குகிறோம். உணவுப் பொருள் கொண்டுவருபவர்கள், அதில் கோதுமை, பால், முட்டை, கொட்டை வகைகள், எள் ஆகியவற்றுள் எவை சேர்ந்துள்ளன என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டி அனுப்ப வேண்டும். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் நலனுக்காக இதை விடாமல் கடைப்பிடிக்குமாறு வேண்டுகிறேன்.

பிள்ளை ஒரு கோட்டைக் கோணலாக வெட்டும்போது பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். கத்தரிக்கோலை வாங்கி நாமே ஒரே வெட்டில் முடித்துவிட வேண்டும் என்று கை துடிக்கும். நம் பிள்ளை நான்கு பேர் முன் தலைகுனியக் கூடாதே என்ற அன்புதான் அதற்குக் காரணம். அந்த அன்பை நான் மதிக்கிறேன். உங்கள் கை சும்மா இருக்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பிள்ளை தன் பொம்மையைத் தைக்கும்போது நீங்கள் பக்கத்தில் அமர்ந்து உங்களுக்கென ஒன்றைத் தையுங்கள். உங்கள் தையலைப் பார்த்து அது தானாகவே கற்றுக்கொள்ளும். நீங்களும் நெடுநாள் விட்டுப்போன ஒரு வேலையைத் திரும்பத் தொட்ட நிறைவைப் பெறுவீர்கள். அப்படிப் பெற்றோர்கள் தமக்காகச் செய்தவற்றை வைப்பதற்குக் கூடத்தின் ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கவிருக்கிறோம். அந்த மாளிகையைச் செய்த கைத்திறனை அங்கே, அதற்குரியவர் பெயரிலேயே காண ஆவலாக இருக்கிறேன்.

இந்தப் பருவம் முழுவதும் கண்காட்சிக்காகப் பொருள் சேகரித்துத் தந்தவர்களுக்கும், மேசைகளை அடுக்கவும் கூடத்தைச் சுத்தம் செய்யவும் வந்து நின்ற பெற்றோர்களுக்கும், வீட்டில் மாவு சிந்திய தரையையும் பசை படிந்த மேசையையும் முகம் சுளிக்காமல் துடைத்த ஒவ்வொருவருக்கும் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி. தையல், பின்னல், மரவேலை, பேக்கிங், புத்தகம் தைத்து அட்டை கட்டுதல் ஆகியவற்றில் பழக்கமுள்ள பெற்றோர்களோ தாத்தா பாட்டிகளோ வகுப்புக்கு வந்து பிள்ளைகளுக்குச் செய்து காட்ட முன்வந்தால் மிகவும் மகிழ்வோம். விருப்பமுள்ளவர்கள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுக்கலாம். கண்காட்சியில் வைத்திருந்த பொருள்களை விடுமுறை தொடங்குவதற்குள் பிள்ளையுடன் நேரில் வந்து பெற்றுச் செல்லுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்