குன்னூரிலிருந்து ஒரு பிடித்தக் கணக்கு

குன்னூர்,
9-11-2025

அன்புள்ள துரை,

சித்திரையில் நீ அனுப்பிய மலைப்பூண்டுக்கு நான் இன்னும் ஒரு வரி எழுதவில்லை என்று உன் தங்கை என் மனைவியிடம் முறையிட்டாளாம், குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இங்கே அனைவரும் நலம். உன் மகளின் கொடைக்கானல் யூடியூப் சேனலுக்குப் பணம் வரத் தொடங்கிவிட்டது என்று கேள்விப்பட்டதால்தான் இப்போது அவசரமாக எழுதுகிறேன்.

என் சேனல் உனக்குத் தெரிந்ததுதான்: நீலகிரி மலை ரயில் பாதையில் ஹில்குரோவ் நிலையத்தில் நீராவி எஞ்சின் தண்ணீர் பிடிப்பதும், கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தால் பல்தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு மேலே ஏறுவதும். நம்மவர்கள் இரண்டு நிமிடத்தில் நகர்ந்துவிடுகிறார்கள். ரயில் பைத்தியம் பிடித்த அமெரிக்கர்களோ நாற்பது நிமிடமும் அசையாமல் பார்க்கிறார்கள். வினையே அங்கேதான். யூடியூப் தரும் பங்கு அமெரிக்க வரிச் சட்டத்தின் பார்வையில் ராயல்டி, அதாவது படைப்பைப் பயன்படுத்தும் உரிமைக்கான தொகை. பார்ப்பவர் அமெரிக்காவில் இருந்தால் அந்த வருமானமும் அமெரிக்காவில் விளைந்ததாகிவிடுகிறது. அட்டைக்கடிக்குக் கால்களைக் கொடுத்து நான் எடுத்த படத்துக்கு அவர்கள் வரி கேட்கிறார்கள் என்று 2021 ஜூனில் இந்தப் பிடித்தம் தொடங்கியபோது நாம் இருவரும் சேர்ந்து திட்டியது நினைவிருக்கும். அப்போது, நான் அமெரிக்கன் இல்லை என்று சொல்லி வரிச் சலுகை கேட்கும் டபிள்யூ-8 பென் படிவத்தை உட்காரவைத்து நிரப்பச் செய்தவனே நீதான்.

அந்தப் படிவத்துக்கு ஆயுள் உண்டு என்பதை நான் மறந்துபோனேன். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்று காலண்டர் ஆண்டுகள்தான் அது செல்லும். என்னுடையது 2024 டிசம்பர் 31ஆம் தேதியோடு காலாவதியாகிவிட்டது. நினைவூட்டி வந்த மின்னஞ்சல்களை மோசடி என்று எண்ணி அழித்துவிட்டேன். தொகை குறைந்தபோதும், மண்சரிவால் ரயில் நின்றுபோன நாட்களில் புதிய படம் போடாததன் பலன் என்றே நினைத்தேன். செப்டம்பரில் ஒரு நாள் மனைவி பாஸ்புக்கை மேசைமேல் விரித்து, ஒவ்வொரு மாதத் தொகையின் கீழும் பென்சிலால் கோடிட்டுக் காட்டிய பிறகுதான் பிடித்தக் கணக்கைத் திறந்து பார்த்தேன்.

கணக்கைக் கேள். ஒரு மாதம் 400 டாலர் வருகிறது, அதில் அமெரிக்கப் பார்வையாளர்களால் வருவது 250 என்று வைத்துக்கொள். படிவம் இருந்தால் இந்தியாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட வரி ஒப்பந்தத்தின் 12ஆம் பிரிவுப்படி அந்த 250க்கு மட்டும் 15 சதவீதம், அதாவது 37.50 டாலர் போகும். தனிநபர் கணக்கில் படிவமே இல்லையென்றால், கோயம்புத்தூரில் இருப்பவர் பார்த்ததும் சேர்ந்து மொத்த 400க்கும் 24 சதவீதம், 96 டாலர் போய்விடும். விடுதியில் மெஸ் கணக்கில் கையெழுத்திடாமல் அபராதம் கட்டிய பழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள்.

புதிய படிவமும் ஒருமுறை திரும்பி வந்தது. பான் அட்டையில் அப்பாவின் பெயர் முழுதாக இருக்க, நான் வழக்கம்போல முன்னெழுத்தைப் போட்டிருந்தேன். அதனால் உன் மகளிடம் சொல்: பெயர் பான் அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும், வெளிநாட்டு வரி எண் கேட்கும் இடத்தில் பான் எண்ணையே எழுதட்டும், ஒப்பந்தச் சலுகை கேட்கும் பகுதியைத் தாண்டிப் போகவேண்டாம், தாண்டினால் அமெரிக்கப் பங்கில் 30 சதவீதம் போகும்.

எனக்கு உண்மையில் வலிப்பது வேறொன்று. அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளலாம் என்று நீ அன்று ஆறுதல் சொன்னாய். இங்கே வரி இருந்தால்தானே கழிப்பதற்கு? என் ஓய்வூதியத்தையும் சேனல் வருமானத்தையும் கூட்டினாலும் 12 லட்சத்தைத் தொடாது. புதிய முறையில் இந்த நிதியாண்டுக்கு எனக்கு வரியே இல்லை. கழிக்க இடமில்லாத அந்த 15 சதவீதத்தை நம் அரசு திருப்பித் தராது. இங்கே வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிப்பவனுக்கு அது ஈடாகிவிடுகிறது, எனக்கோ முழு நஷ்டம். இரட்டை வரியைத் தவிர்ப்பதற்கான ஒப்பந்தம் என்னைப் போன்றவனை ஏன் மறந்தது என்று உன்னைத்தான் கேட்கவேண்டும், வணிகவியல் படித்தவன் நீ.

உன் மகள் சம்பளத்துக்கு வரி கட்டுகிறவள், அவளுக்கு இது உதவும். அமெரிக்காவில் பிடித்த வரியைக் காட்டி அடுத்த ஆண்டு வரும் 1042-எஸ் சான்றைப் பத்திரப்படுத்தி, அந்த வரியை இங்கே கழிக்கக் கேட்கும் படிவம் 67ஐத் தாக்கல் செய்யச் சொல். வருமான வரிக் கணக்கையும் கெடுவுக்குள் கொடுத்துவிட வேண்டும். அவள் பான் அட்டையில் இருப்பது உன் முழுப் பெயரா, முன்னெழுத்து மட்டுமா என்று பார்த்து எழுது. பூண்டு தீர்ந்துவிட்டது.

உன் பழைய அறைத்தோழன்